வீட்டுப் பாவனைக்கு மலிவான லேசர் பிரிண்டர் எது? (மாதம் 150–200 பக்கம், கறுப்பு வெள்ளை மட்டும்)

மல்லாவி_வகுப்பு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் மல்லாவியில் இருக்கிறேன். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் தரம் 5 பிள்ளைகள் பதினான்கு பேருக்குப் புலமைப்பரிசில் வகுப்பு வைக்கிறேன், என் மூத்தவளும் அடுத்த முறை ஓ/எல் எடுக்கிறாள், அதனால் கடந்தகால வினாத்தாள், பயிற்சித் தாள் என்று ஏதாவது ஒன்று அடிக்க வேண்டியே இருக்கிறது. மாதம் 150 இலிருந்து 200 பக்கம் வரும், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் ஒரே சீராக வராது. பரீட்சை கிட்டினால் ஒரு கிழமையில் நூறு பக்கம் போகும், லீவு விட்டால் ஒரு மாதத்துக்கு ஒரு தாளும் தேவைப்படாது.

இப்போது சந்தியில் உள்ள கடையில்தான் எடுக்கிறேன். ஒரு பக்கம் 20 ரூபாய். 200 பக்கம் என்றால் 4,000 ரூபாய், அதோடு ஓட்டோக் காசு. காசைக்கூடப் பொறுக்கலாம், வகுப்புத் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கடை பூட்டிக் கிடந்தால் அன்றைக்கு எல்லாவற்றையும் கரும்பலகையில்தான் எழுதிப் போட வேண்டும். படக் கேள்விகளை எப்படி எழுதிப் போடுவது?

முன்பு ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருந்தோம். மார்கழி லீவோடு மழையும் பிடித்துக்கொண்டதால் இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. பிறகு போட்டால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு. மை தெளிக்கும் ஹெட்டுக்குக் கிளீனிங் கொடுத்துக் கொடுத்து அரைப் போத்தல் மை போனதுதான் மிச்சம். திருத்தக் கொடுத்த இடத்தில், ஹெட் மாற்ற வேண்டும், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதம் சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது, குறைந்தால் நல்லது. லேசர் என்றால் மை காயாது என்கிறார்கள், அது உண்மையா? ஒரு கடையில் பாவித்த கலர் லேசர் ஒன்று தரலாம் என்கிறார்கள், இன்னொருவர் ஜப்பானில் இருந்து வந்த மெஷின் பாதி விலைக்கு இருக்கிறது என்கிறார். வவுனியாவுக்குப் போய் வாங்குவதா, கிளிநொச்சியிலேயே பார்ப்பதா என்றும் தெரியவில்லை. எங்கள் பக்கம் இரவில் வோல்டேஜ் நன்றாக இறங்கும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.


வவுனியா_மெக்கானிக் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்ன பாவனைக்கு லேசர்தான். ஒரு கிழமை நூறு பக்கம், பிறகு ஒரு மாதம் ஓய்வு என்பது இங்க் பிரிண்டருக்கு ஆகவே ஆகாத பழக்கம். லேசரில் மை என்று ஒன்றே இல்லை. டோனர் என்பது மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள், கறுப்பு நிறம் கலந்தது. உள்ளே இருக்கும் டிரம் என்கிற உருளையில் லேசர் ஒளி எழுத்தை வரையும், அந்த இடங்களில் மட்டும் தூள் ஒட்டும், அது தாளுக்கு மாறி, கடைசியில் ஃபியூசர் என்கிற சூடான உருளைக்குள் போய் 200 பாகை அளவு சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். காய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆறு மாதம் கிடந்த மெஷினைத் தூசு தட்டிப் போட்டு முதல் தாளே சுத்தமாக வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி எதை வாங்குவது என்பது. எல்லாரும் பெட்டியின் விலையைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் காட்ரிஜ், அதாவது டோனர் அடங்கிய கூட்டின் எண்ணை முதலில் கேளுங்கள். பிரிண்டரை ஒரு முறைதான் வாங்கப் போகிறீர்கள், காட்ரிஜை அது சாகும்வரை வாங்க வேண்டும் அல்லது நிரப்ப வேண்டும். உங்களுக்குக் கிட்டிய ரவுனில் அந்த எண் காட்ரிஜ் கிடைக்கிறதா, அதை நிரப்பத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் மெஷினைப் பார்க்க வேண்டும். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மலிவாகக் கிடைத்தது என்று பெயர் தெரியாத மொடல் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டு, டோனர் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் ஆட்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். மனது கஷ்டமாக இருக்கும், நல்ல மெஷின், ஆனால் தூள் போட வழி இல்லை.

இங்கே எவரும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் காட்ரிஜ் இரண்டு குடும்பம். ஒன்று எச்பி 12ஏ, அது பழைய லேசர்ஜெட் 1020 வகைக்குப் போவது, கெனன் எல்பிபி 2900 இன் 303 காட்ரிஜும் அதே குடும்பம்தான். மற்றது எச்பி 85ஏ, பி1102 இன் காட்ரிஜ், அதற்குச் சமமானது கெனன் 325, அது எல்பிபி 6030 க்குப் போகும். எச்பியின் சின்ன லேசர்களுக்கு உள்ளே இருக்கும் எஞ்சினைப் பெரும்பாலும் கெனன்தான் செய்து கொடுத்து வந்தது, அதனால்தான் இந்த ஒற்றுமை. 12ஏ காட்ரிஜ் ஒன்றில் 2,000 பக்கம் அடிக்கலாம், 85ஏ யும் 325 உம் 1,600 பக்கம் என்று கணக்கு.

அந்தக் கணக்கையும் விளங்கிக்கொள்ளுங்கள். அது ஐஎஸ்ஓ/ஐஈசி 19752 என்ற அளவுமுறைப்படி சொல்லப்படுவது, தாளில் ஏறத்தாழ 5 வீதம்தான் கறுப்பு இருக்கும். சாதாரண கடிதம் ஒன்று அப்படி வரும். புலமைப்பரிசில் தாளில் படம், கட்டம், தடித்த எழுத்து எல்லாம் இருக்கும், அதனால் 1,600 என்றால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று எடுங்கள். இன்னொன்று, புதுப் பெட்டிக்குள் வரும் காட்ரிஜ் முழுசு இல்லை. எல்பிபி 6030 உடன் வருவது 700 பக்கத்துக்கானது. மூன்று நாலு மாதத்தில் அது முடியும், முடிந்ததும் மெஷின் பழுது என்று பயப்பட வேண்டாம்.

எச்பி எம்111டபிள்யூ என்று இப்போது வரும் சின்ன மெஷினும் நல்லதுதான், வைஃபை இருக்கிறது, இடம் பிடிக்காது. ஆனால் அதன் 150ஏ காட்ரிஜ் 975 பக்கம்தான், அதில் சிப்பும் இருக்கிறது. எச்பி சிப் இல்லாத காட்ரிஜைப் போட்டால் மெஷின் மறுக்கும். அதே காட்ரிஜை, அதே சிப்போடு நிரப்பிப் போடலாம், டோனர் மட்டம் குறைவு என்று காட்டிக்கொண்டிருக்கும், அடிக்கும். மொடல் பெயரின் முடிவில் 'ஈ' என்கிற ஆங்கில எழுத்து இருக்கும் எச்பி மெஷின்களை மட்டும் வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்பினாலும் வாங்க வேண்டாம் என்பேன். அவை எச்பி பிளஸ் திட்டத்தில் வருபவை, எப்போதும் இன்டர்நெட்டோடு தொடர்பில் இருக்க வேண்டும், எச்பியின் அசல் டோனர் தவிர வேறு எதையும் ஏற்காது. நம் ஊரில் சிக்னல் இருக்கும் இலட்சணத்துக்கு அது சரிவராது.

பிரதர் வைத்திருப்பவர்கள் அதைத்தான் நல்லது என்பார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. அதில் டோனர் வேறு, டிரம் வேறு. எச்எல்-1110 இல் டோனர் 1,000 பக்கம், டிரம் 10,000 பக்கம். எச்பியிலும் கெனனிலும் டிரம் காட்ரிஜுக்கு உள்ளேயே இருப்பதால் மூன்று நாலு முறை நிரப்பிய பிறகு டிரம் தேய்ந்து தாளில் சாம்பல் நிறக் கோடு விழும், அப்போது டிரம்மையும் மாற்றித்தான் நிரப்ப வேண்டும்.

ஜப்பான் மெஷின் வேண்டாம். அங்கே கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. லப்டொப் சார்ஜர் போல எந்த வோல்டேஜிலும் வேலை செய்வதில்லை லேசர் பிரிண்டர், ஃபியூசரை ஒரு வோல்டேஜுக்கென்றே செய்கிறார்கள். பின்பக்க லேபிளில் 220–240 என்று இருந்தால் மட்டும் தொடுங்கள். டிரான்ஸ்போமர் போட்டுத் தருகிறேன் என்பார்கள், இந்த மெஷின் சூடேறும்போது இழுக்கும் இழுவைக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்போமர் வாங்கும் காசில் நல்ல மெஷினே வாங்கலாம். கலர் லேசரும் வேண்டாம், நாலு டோனர், நாலு செலவு, உங்களுக்கு வேண்டியது கறுப்பு ஒன்று.


புதுக்குடியிருப்பு_ரீச்சர் எழுதியது:

நானும் வகுப்பு எடுக்கிறேன், அதனால் பிரிண்டரைவிடத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். மாரி காலத்தில் கடதாசி ஈரம் குடிக்கும். லேசருக்குள் அந்தத் தாள் போனால் சூட்டில் ஈரம் ஆவியாகிச் சுருண்டு வரும், இரண்டு மூன்று தாள் சேர்ந்து இழுபடும், நடுவிலே சிக்கும். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் இது வழக்கமாக இருந்தது, பிரிண்டரில்தான் பிழை என்று நினைத்து ஒருவரைக் கூப்பிட்டும் பார்த்தேன். பிறகுதான் ஒருவர் சொல்லி விளங்கியது. இப்போது 80 ஜிஎஸ்எம் பண்டல் ஒன்றை உடைத்தால், உறையோடு சேர்த்து இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். தேவையான தாளை மட்டும் டிரேயில் போட்டு, வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு சிக்கியதாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது, பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு. மற்ற ஆசிரியர்கள் அனுப்பும் வேர்ட் கோப்புகள் பாதிக்கு மேல் பாமினியில்தான் வரும், போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அப்படியே பிரிண்டும் வரும். அனுப்புபவரிடமே பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும், எந்த மெஷினிலும் சரியாக அடிக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் எடுக்கும் தாள்களும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் பிடிஎஃப் ஆகத்தான் இருக்கின்றன, அவற்றில் இந்தத் தலையிடி இல்லை.

ஸ்கேனர் சேர்ந்தது வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை என்று அடிக்கடி கொப்பி எடுக்கும் வீடு என்றால் வாங்குங்கள். உங்களுக்கு அது இல்லை என்றால் தனிப் பிரிண்டரே போதும், நான் போனில் படம் எடுத்து ஸ்கேன் செயலியில் பிடிஎஃப் ஆக்கித்தான் சமாளிக்கிறேன். பிள்ளைகள் பென்சிலால் எழுதிய தாள் மட்டும் போனில் தெளிவாக வராது.


பரந்தன்_பொடியன் எழுதியது:

அக்கா, எல்லாரும் லேசர் என்கிறார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இங்க் டேங்க்தான் ஓடுகிறது, ஒரு நாளும் ஹெட் அடைத்ததில்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அடித்துவிடுவோம், அவ்வளவுதான் வைத்தியம். போத்தல் மலிவு, எப்சன் 003 கறுப்புப் போத்தல் ஒன்றில் 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறது, லேசர் காட்ரிஜ் இதற்குக் கிட்டவும் வராது. தரம் 5 சுற்றாடல் பாடத்தில் பறவைகள், பூக்கள் எல்லாம் கலரில் கொடுத்தால் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்கள் என்று என் அக்காவின் வகுப்பில் கண்டிருக்கிறேன், கறுப்பு வெள்ளையில் மீன்கொத்தியும் காகமும் ஒன்றுதான். கரண்டும் மிகக் குறைவாகத்தான் இழுக்கும், சின்ன யூபிஎஸ்ஸிலேயே ஓடும். எறிந்த பிரிண்டரைக் கணக்கில் எடுத்து இங்க் டேங்கே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம்.


வவுனியா_மெக்கானிக் எழுதியது:

தம்பி சொல்வது சரி, கிழமைக்கு ஒரு பக்கம் தவறாமல் அடிக்கிற வீட்டில் இங்க் டேங்க் நன்றாக ஓடும், பக்கச் செலவும் குறைவு. மீன்கொத்தி விஷயத்திலும் நான் எதிர்க் கதை கதைக்க மாட்டேன். ஆனால் அந்த அக்காவுக்குப் பிரச்சினை வந்ததே அந்தக் கிழமைக்கு ஒரு பக்கத்தில்தான். ஊருக்குப் போகும், மழை பிடிக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒரு மாதம் போய்விடும். மறந்தாலும் கெட்டுப்போகாத சாமான் அவருக்கு வேண்டும். கலர் தேவைப்படும் பத்துப் பக்கத்தை மாதத்தில் ஒரு நாள் கடையில் எடுத்துக்கொள்ளலாம். அதோடு, ஒவ்வொரு ஹெட் கிளீனிங்குக்கும் போகும் மை உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது, அந்தப் பஞ்சு நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி அடைத்துக் கிளீனிங் கொடுக்கும் வீட்டில் அது சீக்கிரம் நிரம்பும்.


நெடுங்கேணி_சோலர் எழுதியது:

வோல்டேஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைப் பற்றி ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. லேசர் பிரிண்டர் அடித்துக்கொண்டிருக்கும்போது 300, 400 வோட் அளவில் இழுக்கும், ஆனால் ஃபியூசர் சூடேறுகிற அந்தச் சில செக்கனில் 800, 1,000 வோட் வரைக்கும் போகும். வீட்டு லைட் ஒரு தடவை மங்கி எழும்புவது அதனால்தான். கொம்பியூட்டருக்குப் போடுகிற 650 விஏ யூபிஎஸ் 400 வோட்டுக்கும் குறைவாகத்தான் தாங்கும். அதில் லேசரைப் போட்டால் கீச்சிட்டு நின்றுவிடும், பற்றறியும் கெடும், சில வேளை யூபிஎஸ்ஸே போய்விடும். பிரிண்டரைச் சுவரில் உள்ள 13 அம்பியர் சொக்கெட்டில் நேரே கொடுங்கள், லப்டொப்பையும் ரௌட்டரையும் மட்டும் யூபிஎஸ்ஸில் வையுங்கள். தண்ணீர் மோட்டர் ஓடும்போது அடிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் சோலர் இன்வேட்டர்தான். முதலில் இருந்தது மலிவான இன்வேட்டர், அதிலிருந்து வந்தது சுத்தமான சைன் அலை இல்லை, பிரிண்டர் உர்ரென்று சத்தம் போட்டு நடுவிலேயே தாளை விட்டுவிடும். பிறகு 3 கிலோவோட் பியூர் சைன் இன்வேட்டருக்கு மாறினோம், இப்போது பகலில் பிரச்சினை இல்லை. இரவில் பற்றறியில் அடிப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். உங்களுக்கு இரவில் வோல்டேஜ் இறங்கும் என்றால் நீங்களும் காலையிலேயே அடித்து வைத்துவிடுங்கள். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் ஃபியூசர் போதிய அளவு சூடாகாது, எழுத்து விரலோடு வந்துவிடும், அல்லது மெஷின் பிழை காட்டி நிற்கும். இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.


மல்லாவி_வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விபரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தம்பி, கலரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் மனது கொஞ்சம் தடுமாறியது உண்மைதான், ஆனால் கிழமைதோறும் அடிக்க என்னால் உறுதி சொல்ல முடியாது. கறுப்பு லேசர் என்றே முடிவு.

அண்ணா, வவுனியாவில் என் மச்சாளுக்குத் தெரிந்த ஒருவர் பாவித்த எச்பி பி1102 ஒன்றை விற்கிறாராம், அலுவலகம் ஒன்றில் இருந்ததாம். புது எல்பிபி 6030 இன் விலையில் பாதிக்கும் குறைவு. மிச்சக் காசில் ஒரு புதுக் காட்ரிஜும் நாலு பண்டல் தாளும் வாங்கலாம். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வைஃபை இல்லாததை வாங்கினால் போனில் இருந்து அடிக்க முடியாதா?


வவுனியா_மெக்கானிக் எழுதியது:

வாங்கலாம் தங்கச்சி, ஆனால் காசு கொடுக்க முன்பு அரை மணித்தியாலம் அந்த இடத்தில் இருந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். முதலில் மெஷினின் கொன்பிகரேஷன் பக்கத்தை அடிக்கச் சொல்லுங்கள், இதுவரை எத்தனை பக்கம் அடித்தது என்ற கணக்கு அதில் வரும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்றால் உங்கள் பாவனைக்கு இன்னும் பல வருடம் ஓடும். ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு வெறும் வெள்ளைத் தாள் ஒன்றையும், பெரிய கறுப்புக் கட்டம் உள்ள தாள் ஒன்றையும் அடியுங்கள். வெள்ளைத் தாளில் புள்ளியோ கோடோ விழுந்தால் அடிமட்டம் வைத்து இடைவெளியை அளவுங்கள். 75 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை அதே புள்ளி வந்தால் அது டிரம், காட்ரிஜ் மாற்றினால் போய்விடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கறுப்புக் கட்டத்தை விரலால் அழுத்தித் தேயுங்கள். தூள் வந்தால் ஃபியூசர் பலவீனம், அது செலவு, வாங்க வேண்டாம். கடைசியாக இருபது தாளைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழுவழுப்பாகி இருந்தால் முதல் பத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், தாள் போகாமல் கிர்ரென்று சுற்றும். அது சின்னச் சாமான், மாற்றுவது சுலபம், அதற்காக நல்ல மெஷினை விட வேண்டியதில்லை.

வைஃபை இல்லாத பி1102 இல் போனில் இருந்து நேரே அடிப்பது கஷ்டம். லப்டொப்பில் யூஎஸ்பி வயரைக் கொழுவி அடிக்க வேண்டும். உங்களிடம் லப்டொப் இருக்கிறது என்றால் இது பெரிய விஷயம் இல்லை, போனுக்கு வந்த பிடிஎஃப்பை வட்ஸ்அப் வெப்பில் திறந்து அடிக்கலாம். லப்டொப் இல்லாத வீடு என்றால் மட்டும் பெயரின் முடிவில் டபிள்யூ உள்ள வைஃபை மொடலுக்குப் போங்கள். அந்த மெஷினில் அதே பெயரில் டபிள்யூ சேர்ந்ததும் இருக்கிறது, விற்பவரிடம் எது என்று கேளுங்கள்.

நிரப்பும்போது ஒன்று கவனியுங்கள். பழைய தூள் சேரும் கழிவு அறையைத் துப்புரவாக்காமல் மேலே தூளை மட்டும் கொட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்த அறை நிரம்பித் தாளெல்லாம் கறுப்பாகும். கழிவைக் கொட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டோனர் உடுப்பில் பட்டால் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் பட்டால் உருகித் துணியோடு பிடித்துவிடும். காட்ரிஜை வெளியே எடுத்தால் வெயிலில் வைக்கக் கூடாது, டிரம் ஒளி பட்டுக் கெடும், கறுப்புத் துணியால் மூடுங்கள். எழுத்து மங்கத் தொடங்கினால் உடனே நிரப்ப ஓட வேண்டாம். வெளியே எடுத்து இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிப் போட்டால் இன்னும் ஐம்பது பக்கமாவது வரும், அன்றைய வகுப்பு முடியும்.


மல்லாவி_வகுப்பு எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், வாங்கிவிட்டேன். விடிய வெளிக்கிட்டு மாங்குளம் போய், அங்கிருந்து ஏ9 இல் வவுனியா பஸ் பிடித்துப் போனோம். அண்ணா சொன்னபடி அரை மணித்தியாலம் இருந்து எல்லாம் பார்த்தேன், அடிமட்டமும் கொண்டுபோனேன். பக்கக் கணக்கு 11,000 சொச்சம். வெள்ளைத் தாளில் ஒரு சின்னப் புள்ளி, அளந்தால் 75 மில்லிமீற்றர்தான். அவரிடம் அளவைக் காட்டி டிரம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னதும் மறுகதை இல்லாமல் 3,000 ரூபாய் குறைத்தார். கறுப்புக் கட்டத்தைத் தேய்த்தேன், விரலில் ஒன்றும் வரவில்லை. அதே ரவுனில் 85ஏ காட்ரிஜ் புதிது ஒன்றும் வாங்கினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன், மாங்குளத்தில் இருந்து ஓட்டோ.

வந்த அன்றே பதினான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறு பக்கம் அடித்தேன், 84 பக்கம், ஒரு தாளும் சிக்கவில்லை. இரண்டு பக்கமும் அடிக்க அந்த மெஷினில் தானாக வழியில்லை, ஒற்றைப் பக்கங்களை முதலில் அடித்து, தாள் கட்டை அப்படியே திருப்பிப் போட்டு இரட்டைப் பக்கங்களை அடித்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று பிடிபட நாலு தாள் வீணானது, இப்போது டிரேயில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ரீச்சர் சொன்னதுபோலத் தாளை மூடி போட்ட பெட்டிக்குள் வைக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. நேற்று மேல்மூடியைத் திறந்தபோது உள்ளே சிற்றெறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது, பல்லி முட்டை ஓடு ஒன்றும் கிடந்தது. மருந்து அடிக்கலாமா?


நெடுங்கேணி_சோலர் எழுதியது:

உள்ளே மருந்து அடிக்கவே வேண்டாம், ஸ்பிரே வாயு தீப்பிடிக்கக்கூடியது, ஃபியூசர் அப்படிச் சுடும் இடம். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, காட்ரிஜை எடுத்துக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷால் எறும்பைத் தட்டிவிடுங்கள். மேசைக் கால் நாலையும் தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாக்களில் வையுங்கள், சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்கிற அதே வேலை. மேசையைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வேலை முடிந்து மெஷின் ஆறியதும் பருத்தித் துணியால் மூடிவிடுங்கள், சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதிக்கும் அது உதவும். பிளாஸ்டிக் உறை போட வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். பல்லி முட்டை ஓடு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முட்டை இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், அவை அனேகமாக இரண்டாகத்தான் இடும்.